அலகு உடைந்த நாரை

என் வீட்டுக்காரருக்கு,

தங்கையை அழைத்துவர நேற்று ரயில் நிலையம் போனேன். நீங்கள் இன்ஜினியராக நின்று புதுப்பித்துக் கொடுத்த அதே நிலையம்தான். வாசல் கதவில் இருந்தவை இரும்பு நாரைகள் அல்ல. பிளாஸ்டிக் நாரைகள்.

வாசலில் பனிட்சா பலகாரம் விற்கும் ராட்கா ஒன்றைத் தட்டிக் காட்டினாள். "கேட்டீங்களா அக்கா? அழுகின தர்பூசணிச் சத்தம்! பழைய இரும்புக் கதவு துருப்பிடிச்சுத் தூளாயிடுச்சாம், இன்ஜினியர் சொல்றாரு. எந்தத் திருடன் வீட்டுல நிக்குதோ!"

நானும் சிரித்தேன். அவள் மேலும் சொன்னாள்:

"அதுல ஒரு நாரைக்கு அலகு கிடையாது. எங்க வீட்டுக்காரரு எங்க கல்யாணத்தன்னிக்குக் குடிச்சிட்டு வண்டியக் கொண்டுபோய் மோதினாரு."

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நம் தோட்டத்தில் நாரைக் கதவு மாட்டினீர்களே, எனக்காகவே வார்த்தது என்று! பழமையாகத் தெரிய அலகை நீங்களே உடைக்கச் சொன்னதாக விருந்தாளிகளிடம் பெருமை பேசினேன். திருடியதைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தீர்கள்.

இன்று காலை கதவைக் கழற்றிவிட்டேன். ராட்காவின் கணவர்தான் வண்டியில் ஏற்றிப்போனார். இந்த முறை குடிக்கவில்லை. நிலையத்தில் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். உங்கள் பெயரை முழுதாகச் சொன்னேன்.

சோபியா நகரத்திலிருந்து திரும்பும்போது மணி அடிக்க வேண்டாம், வாசல் திறந்தே கிடக்கும். நான் தங்கையோடு போகிறேன்.

இப்படிக்கு,
பரிசைத் திருப்பிக் கொடுத்தவள்