பழைய காரின் வாடை

தங்கை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கொத்தமங்கலத்திலிருந்து ஆள் வந்திருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், அன்னக்கிளி காலண்டர் தாளைக் கிழித்துப் புருஷன் கருத்தையாவுக்கு எழுதினாள்.

"டாக்சி ஓட்டணும்னு நீங்க வாங்கின பழைய காரைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை காந்துது. வெத்தலைக் கறை எலுமிச்சம்பழத்துக்குப் போயிருச்சு. சுருட்டு வாடைக்கு சீட்டுக்கடியில அடுப்புக்கரி வச்சேன், நேத்தே போயிருச்சு. கல்யாண வீட்டுக்காரவுக சாயங்காலம் வண்டி பாக்க வாராக. கார் கதவைத் திறந்தே போடுங்க.

காலையில பாத்தா உள்ள பீடி வாடை. வித்தவரு சுருட்டுத்தான் குடிப்பாருன்னு நீங்கதான் சொன்னீக. இருமலுக்குப் பயந்து பீடியை விட்டுட்டேன்னும் நீங்கதான் சொன்னீக. சண்டை போட எனக்குத் தெம்பில்லை. காருக்குன்னா கரியை வைக்கலாம். ஒங்க நெஞ்சுக்கு எதை வைக்கிறது?

சாவி மாடத்துல இருக்கு. சோறும் ரசமும் அடுப்படியில."

மடித்த தாளை மறுபடி பிரித்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

"ரசத்தை ஆறினபடியே ஊத்திக்கிருங்க. தீப்பெட்டியை நான் எடுத்துட்டுப் போறேன்."