தெருவைத் தாண்டிப் போன நீல வயர்

உன் அண்ணன் இன்று காலை கடைக்கு வந்தார். கையில் ஒரு சுருள். மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்களாம். சன்னலோரம் ஆணியில் கிடந்ததைக் கழற்றியிருக்கிறார். "எஸ்தரு, இது உன்க்கு ஒதவும்னு எத்துக்கினு வந்தேன். தூக்கிப் போட மன்சு வரல" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நம்முடைய நீல வயர். வெயில் பட்ட பக்கம் வெளுத்துப் போய், சுவரோடு ஒட்டியிருந்த பக்கம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கிறது. ஒரு நுனியில் செருகும் பின் உடைந்து நிற்காமல் கழன்று கழன்று வந்ததே, அதற்கு நீ தீக்குச்சியை ஒடித்துச் செருகி வைத்தாய். அந்தக் குச்சியும் அப்படியே இருக்கிறது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்படி ஏதாவது ஒரு பொருள் கைக்கு வந்தால் உள்ளே என்னமோ உடையும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் எதிர்பார்த்திருந்தேன். சுருளை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, காத்திருந்த அம்மாளுக்கு சாதிச் சான்றிதழ் மனு அடித்துக் கொடுத்தேன். பிறகு ஒரு மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் உனக்கு எழுதலாம் என்று பட்டது.

டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தோம். ஹையர் பரீட்சை முடித்த கையோடு உங்கள் வீட்டுக்கு எதிரே இந்தக் கடையைப் பிடித்தோம். நான் மாகறலிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். நீ தெருவைக் கடந்து வருவாய், என்னைவிட லேட்டாக. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் என்றால் நம்மிடம் இருந்த அந்தக் கருப்புத் திரை மெஷின்தான். டாஸ் என்ற அந்தக் காலத்து முறையில் ஓடும் தமிழ் சாஃப்ட்வேர். டைப்ரைட்டர் விசைகள் அப்படியே அதில் இருந்ததால் நம் விரல்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. நீ அடிக்கும்போது எழுத்து திரைக்கு வருவதற்குள் நீ அடுத்த வரியில் இருப்பாய். வாயும் அதே வேகம்தான். உன் பேச்சில் நான் விட்ட பஸ்களுக்குக் கணக்கே இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டு அந்த மெஷின் ஒரு நாள் எழுந்திருக்கவே இல்லை. புது மெஷின் வாங்கினோம். அதில் நம் தமிழ் சாஃப்ட்வேர் ஓட மறுத்தது. சென்னையில் இருந்த உன் மாமா பையன் ஒரு சிடி கொண்டுவந்தான். அதில் எமுலேட்டர் என்று ஒன்று. புது மெஷினுக்குள்ளேயே பழைய மெஷினைப் போல ஒன்றை நடத்திக் காட்டும். அதே கருப்புத் திரை, அதே மினுக்கும் கோடு, தொடங்கும்போது வரும் அதே 'பீப்' சத்தம்கூட. உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "செத்த மெஷினுக்கு உசுரு குத்துட்டீங்கோ, அட்த்து இன்னா?" என்று சிரித்தார். அடுத்தது எதுவும் நம் மனதில் இல்லை.

பிறகு உன் தொண்டை. முதலில் கம்மியது, சளி என்றோம். ஆறு மாதம் கழித்துக் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீ திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. பேச்சு இல்லை. தூசி ஆகாது என்பதால் தெருவுக்கு வரவும் கூடாது. உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அண்ணன் பகல் முழுக்க கீழே தன் கடையில். உனக்கு அம்மா வேண்டுமென்றால் கரண்டியால் தட்டில் தட்டுவாய். அவ்வளவுதான் உன் மொழி. செல்போனில் சேதி அனுப்பு என்று நான் சொன்னதற்கு, ஒரு பட்டனை மூன்று தடவை அமுக்குவதற்குள் சொல்ல வந்ததே மறந்துபோகிறது என்று நோட்டில் கோபமாக எழுதிக் காட்டினாய். எழுத்துகூட அன்றைக்குக் கிறுக்கலாக இருந்தது. நீ அப்படியே வாடிப் போய்விடுவாயோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

வயர் உன் யோசனை. பழைய ஃப்ளாப்பிகளில் ஒரு சின்ன புரோகிராம் இருந்தது. இரண்டு மெஷின்களை இணைத்துவிட்டால் திரை இரண்டு பாதியாகும். மேலே நாம் அடித்தது, கீழே எதிரே இருப்பவர் அடித்தது. நம் தமிழ் எழுத்து அதிலும் வரும், நம் விசைகளும் வேலை செய்யும். உன் விரல் வேகத்தில் நீ பேசலாம். என் மெஷினில் இருந்த எமுலேட்டரை அப்படியே சிடியில் ஏற்றி உன் மாடியில் போட்ட கம்ப்யூட்டரில் இறக்கினோம். கடையில் வயர்களை இணைக்கும் ஹப் என்ற சின்னப் பெட்டி, அதிலிருந்து நீல வயர், வைக்கோல் லாரி இடிக்காத உயரத்தில் தெருவைத் தாண்டி உன் சன்னலுக்கு.

நான்கு நாள் ஒரு எழுத்தும் போகவில்லை. ஹப்பில் பச்சை விளக்கு எரிகிறது, வயர் நன்றாக இருக்கிறது, நீ அடிப்பது எனக்கு வரவில்லை, நான் அடிப்பது உனக்கு வரவில்லை. நான் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் கலைத்துப் போட்டேன். நீ நோட்டில் எழுதி அண்ணனிடம் கொடுத்தனுப்பினாய்: "ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துடி." ஐந்தாம் நாள், வரக்கூடாது என்று சொல்லியும், கழுத்துத் துணிமேல் துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டு நீயே தெருவைக் கடந்து வந்தாய். கையில் ஒரு தாள். அதில் உன் எமுலேட்டர் காட்டிய நெட்வொர்க் கார்டின் நம்பர். பன்னிரண்டு இலக்கம். என் திரையில் இருந்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாய். பன்னிரண்டும் ஒன்று.

நிஜக் கார்டுகள் இரண்டுக்கு ஒரே நம்பர் வராது. நாம்தான் அச்சு அசலாக நகல் எடுத்து வைத்திருந்தோமே. என் நம்பரிலிருந்து வந்த சேதியை உன் மெஷின் தான் அனுப்பியதாகவே நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறது, என்னுடையதும் அப்படியே. "உன் பேச்ச என் பேச்சுன்னு நெனச்சிக்கினு கீது மெஷினு" என்று தாளின் கீழே எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாய். கடைசி இலக்கத்தை மாற்றிவிட்டு நீ வீட்டுக்குப் போனாய். கொஞ்ச நேரத்தில் என் திரையின் கீழ்ப் பாதியில் வந்தது: "இன்னாடி, கேக்குதா?"

நான் அன்றைக்கு அழுதேன். கடையில் இரண்டு பேர் மனுவுக்குக் காத்திருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே. அப்போது எனக்கு அழுகை வந்தது.

இரண்டு வருஷம் அந்த வயரில் பேசினோம். நாஷ்டா என்ன என்பதில் தொடங்குவாய். சன்னலிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டு, என் கடைக்கு யார் வருகிறார்கள், கழற்றிய செருப்பை யார் மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று எல்லாம் சொல்வாய். பத்திரிகைகளில் நான் விட்ட பிழைகளை அங்கிருந்தே திருத்துவாய். மாதம் இரண்டு தடவையாவது இணைப்பு அறுந்துபோகும். அணில் கடிக்கும், மழைத்தண்ணீர் பின்னுக்குள் இறங்கும், எமுலேட்டர் காரணமில்லாமல் நின்றுபோகும். அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டோம். தேதி, என்ன மாற்றினோம், முடிவு என்று மூன்று கட்டம். ஒரு தடவை இரண்டு நாள் நான் இங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் உன் அம்மா இஸ்திரிப் பெட்டிக்காக உன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். நீ அந்த இரண்டு நாளும் எனக்குத் தெரியாமல் காஞ்சிபுரத்து டாக்டரிடம் போயிருந்தாய். திரும்பி வந்து அடித்தாய்: "மொதல்ல அந்தப் பக்கம் போய்ப் பாரு எஸ்தரு. நாப்பது அடி நடக்க உனுக்கு இன்னா பேஜாரு?" அதை நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் எழுதியும் வைத்தேன்.

கடைசி நாளை எழுதாமல் இதை முடிக்க முடியாது.

மத்தியானம் இரண்டு மணி. "சாப்டியா?" என்று கேட்டாய். "இப்பதான். நீ?" என்று அடித்தேன். பதில் வரவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தேன். ஹப்பில் உன் பக்கத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆகவே வயர் சரி, கரண்ட் சரி. கோளாறு எமுலேட்டருக்குள்தான் என்று முடிவு கட்டினேன். அந்தப் புரோகிராம், அனுப்பியது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சொல்லாது. எதிரே இருப்பவர் பதில் அடித்தால்தான் தெரியும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. அந்த இரண்டு வருஷத்தில் எந்தக் கோளாறையும் நான் தனியாகச் சரிசெய்ததில்லை, நீ அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாய். இன்றைக்கு உன்னைக் கேட்காமல் நானே சரி பண்ணிக் காட்டுகிறேன் என்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். நீ சொல்லிக்கொடுத்தபடி ஒரு நேரத்துக்கு ஒன்று. எமுலேட்டரை மூடித் திறந்தேன். "டெஸ்ட் 1. வந்துச்சா?" பதில் இல்லை. ஹப்பில் வயரை வேறு துளைக்கு மாற்றினேன். "டெஸ்ட் 2. வந்துச்சா?" கார்டு நம்பரைப் பார்த்தேன், வேறு மாற்றினேன், திரும்பப் பழையதை வைத்தேன். நடுவில் ஒருவருக்கு வாடகை ஒப்பந்தம் அடித்தேன். டீ குடித்தேன். டெஸ்ட் 11 வரை போனேன். கடைசியில் தோற்றுப் போனதை ஒப்புக்கொண்டு நோட்டோடு தெருவைக் கடந்தபோது மணி நாலே முக்கால்.

உன் அம்மா கீழே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "மேல தான் கீறா, போம்மா. தட்டு சத்தமே காணோம், தூங்குறா போல" என்றார்.

நீ நாற்காலியில் சாய்ந்து சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாய். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் முதலில் பார்த்தது திரையை. அவ்வளவு பழகிப் போயிருந்தது. மேல் பாதியில் உன் "சாப்டியா?", அதன் கீழே காலி வரியில் மினுக்கும் கோடு. கீழ்ப் பாதியில் என்னுடையவை. "இப்பதான். நீ?" இருந்தது. டெஸ்ட் 1 வந்துச்சா, டெஸ்ட் 2 வந்துச்சா, வரிசையாகப் பதினொன்று வரைக்கும். ஆறு மட்டும் இல்லை. அப்போது நான் கார்டு நம்பரை உன்னுடையதாகவே மாற்றித் தொலைத்திருந்தேன். மற்றவையெல்லாம் அனுப்பிய உடனேயே வந்து சேர்ந்திருக்கின்றன.

படித்து முடித்த பிறகுதான் உன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

இதயம் என்றார் டாக்டர். இரண்டு மணி வாக்கில், உயிர் போகச் சில நிமிஷம்தான் ஆகியிருக்கும் என்றார். "நீ வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது எஸ்தரு" என்று உன் அண்ணன் இரண்டு தடவை என்னிடம் சொன்னார். முடியாதுதான். ஆனால் நீ இரண்டே முக்கால் மணி நேரம் தனியாக இருந்தாய், எதிரே நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் உன்னைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போனபோது கடை வாசலில் நின்றேன். பெண்கள் அதற்குமேல் போவதில்லை. உள்ளே வந்தால் ஹப்பில் உன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் உன் மெஷினை அணைக்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் கரண்ட் போனபோது அதுவாக அணைந்தது. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. உன்மேல் பிரியம் இல்லை என்று நினைத்துவிடாதே. பிரியம் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இப்போதெல்லாம் யாராவது பதில் சொல்லாவிட்டால் நான் எழுந்து போய்விடுகிறேன். போன வாரம் ராஜகுளத்து அம்மாள் ஒருவர் பத்திரிகைப் படியைத் திருத்தி அனுப்புகிறேன் என்று சொல்லி இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றார். "இதுக்காம்மா இம்மாந்தூரம் வந்த? போன் ரிப்பேரும்மா" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

நீல வயரை உன் சன்னல் தெரியும் பக்கம் மாட்டி வைத்திருக்கிறேன். தீக்குச்சியை எடுக்கவில்லை. சாப்பிட்ட பிறகு நம் நோட்டைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி இருக்கிறது. என்ன மாற்றினேன் என்ற கட்டத்தில் பதினோரு வரி, என் கையெழுத்தில், ஒழுங்காக இருக்கிறது. முடிவு என்ற கட்டம் காலியாகவே கிடந்தது. இன்றைக்கு அதை நிரப்பினேன்: "வயர் நன்றாக இருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை."