கழகத்துச் சின்னமும் பெரிய காலும்

3-3-1963, ஞாயிறு

இப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே சொன்னேன். யாரிடம் என்பது மட்டும் நினைவில்லை.

போர்ட் பிளேயரில் நாங்கள் தொடங்கும் தமிழாராய்ச்சிக் கழகத்துக்குச் சின்னம் செதுக்கும் வேலை, தங்கை சரசுவின் வீட்டுக்காரன் பன்னீர்செல்வத்துக்குக் கிடைத்தது. என் சிபாரிசு! தலைவர் பக்தவத்சலம் சொன்னபடி படாக் மரத்தில் கேடயம். கீழே அலை, அது கடல் கடந்த தமிழ். நடுவில் ஏடு, அது கல்வி. உச்சியில் அன்னம் — பாலையும் நீரையும் பிரிக்கும் அறிவு.

"மச்சான், நான் அன்னத்தப் பாத்ததே இல்லையே" என்றான் பன்னீர்.

மெட்ராஸ் உயிர்க் காலேஜில், அதாவது மிருகக்காட்சிசாலையில், அன்னம் என் கையிலிருந்து பொரி தின்றதை விவரித்தேன்.

"காலு எப்படி?"

"பெரிசா இருக்கும். அவ்வளவு அறிவத் தாங்கணுமில்ல?"

7-4-1963

சின்னம் முடிந்தது. சாத்தம் மரமில்லில் பன்னீரோடு வேலை செய்பவர்கள் "அரே, முர்கி!" என்று சிரித்தார்களாம். கோழியேதான். காலைப் பார்த்தால் கோழிப் படைக்கே தளபதி.

9-4-1963

தலைவர் பார்த்துவிட்டார். "முத்துமணி, இது கழகமா, கோழிப்பண்ணையா?" தொடக்க விழாவில் துணி போட்டு மூடச் சொல்கிறார். பன்னீர் அதைப் பிளந்து அடுப்பில் வைக்கப் போகிறானாம். மாதம் முழுக்க மில் விட்டு வந்து செதுக்கினானே, விரலெல்லாம் கட்டு. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சரசு சொன்னாள்: "அண்ணே, கால் நீ சொன்னது. நீயே பதில் சொல்லு."

10-4-1963

யோசிக்கிறேன்.

14-4-1963, சித்திரை முதல் நாள்

யாரும் கூப்பிடாமலே மேடையேறினேன். துணியை உருவினேன். ஒரே சிரிப்பு. பின்வரிசையில் பன்னீர் எழுந்து போகப் பார்த்தான். சரசு சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சிரிக்காதீங்க! இது அன்னமில்ல, நிக்கோபார் பறவை. பெரிய காலால மணலக் கூட்டி மேடு போட்டு, முட்டையப் பொதைச்சிட்டுப் போயிடும். குஞ்சுக்கு வாத்தியார் கிடையாது. தானே தோண்டிக்கிட்டு வெளிய வரும். இந்தத் தீவுல நாம எப்படி வந்தோம்? கத்துக்கொடுக்க யார் இருந்தா?"

சிரிப்பு நின்றது. வனத்துறை ரேஞ்சர் ஜெகநாதன் எழுந்தார். ஐயோ, இவர் நிக்கோபாரிலிருந்து கடைசியாக வந்த கப்பலில்தானே வந்தார்!

"அவர் சொல்றது நெஜம். நிக்கோபார்ல, கச்சால் தீவுல பாத்திருக்கேன். இதே காலு! பன்னீர் எங்க பாத்தாரு?"

தலைவர் தன் கழுத்து மாலையைக் கழற்றிப் பன்னீருக்குப் போட்டார். பன்னீர் என்னைப் பார்த்தான். நான் மீசையைத் தடவினேன்.

15-4-1963

ரேஞ்சர் வீடு தேடி வந்து, பறவையைப் பற்றி இன்னும் சொல்லச் சொல்கிறார். இங்கே மட்டும் எழுதுகிறேன்: அந்தப் பறவையை மேடையில் நின்றபடி நான்தான் உண்டாக்கினேன். எனக்கு முன்னால் அது எப்படிக் கச்சாலுக்குப் போய்ச் சேர்ந்தது?