மக்குப் பெட்டி

மார்ச் 3
நாளை முதல் அந்த அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு. ஒரு வாரம் வெள்ளோட்டம். பிடித்துப்போனால் வருடம் முழுக்க ஆர்டர் நமக்கே. இல்லையென்றால் சமையற்கூடத்தை மூடிவிட்டு, இவர் தன் அண்ணன் கடையில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். பிளாஸ்டிக்கே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று, கரும்புச் சக்கைப் பெட்டி வாங்க வைத்தவள் நான். "ஊரோட ஒத்துப் போனா என்ன?" என்று இவர் இன்னும் முணுமுணுக்கிறார்.

சாயங்காலம் பெட்டிமேல் ஒட்டுகிற ஸ்டிக்கர் வந்தது. நான் எழுதிக் கொடுத்தது 'மண்ணில் மக்கும் பெட்டி'. வந்திருப்பது 'மண்ணில் மக்குப் பெட்டி'! ஃபோனில் கத்தினேன். அச்சகத்துக்காரருக்கு ஒரே பெருமை. "நீங்க தப்பா எழுதியிருந்தீங்கம்மா, நான்தான் திருத்தினேன். அங்க ஒற்று மிகும்." அட புலவரே!

"யாரு படிக்கப் போறா? ஒட்டு" என்கிறார் இவர்.

மார்ச் 4
எல்லோரும் படித்தார்கள். அலுவலக மேனேஜர் கூப்பிட்டார். "மக்குன்னு எங்களத்தானேம்மா சொல்றீங்க?" பின்னால் ஒரு கூட்டமே சிரித்தது.

மார்ச் 5
இவரோடு பேச்சில்லை.

மார்ச் 6
இன்று அனுப்பிய சூப், பெட்டியின் அடியில் ஊறி ஒழுகி அலுவலக மேசையெல்லாம் நாசம். மேனேஜர் இன்று சிரிக்கவில்லை. "பேருக்கேத்த மாதிரி, சாப்பிடறதுக்குள்ளயே மக்கிடுச்சேம்மா. இந்த வாரத்தோட நிறுத்திக்கலாமா?"

கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடினால் எது தாங்கும்? விற்றவன் சொன்னானா? நான்தான் கேட்டேனா? கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி பிளாஸ்டிக் டப்பா விற்பவர் வேறு வாசலில். இவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாங்கிடலாமா?"

"வாங்குங்க! நீங்களே சமைச்சுக்குங்க!" கரண்டியை வீசினேன். அழுகையும் வந்து தொலைத்தது.

மார்ச் 7
விடிந்ததும் இவரைக் காணோம். அண்ணன் கடைக்கே போய்விட்டார் என்று நினைத்தேன். வந்தவர் கை நிறைய எவர்சில்வர் தூக்கு. அண்ணி வீட்டுது, தங்கச்சி வீட்டுது எல்லாம். "சூப்பு இதுல போகட்டும். காலித் தூக்கெல்லாம் நானே எடுத்துட்டு வந்து கழுவறேன். சோறு உன் மக்குலயே போகட்டும்." இதை நேற்றே சொல்வதற்கென்ன? வாயில் கொழுக்கட்டையா?

ஏப்ரல் 2
வருட ஆர்டர் உறுதியாகிவிட்டது. பக்கத்து பேக்கரிக்காரர் நாலு பிளாஸ்டிக் டப்பா கைமாற்றாகக் கேட்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், தூக்கு கழுவிக்கொண்டிருந்தவர் பின்பக்கத்திலிருந்தே கத்தினார்: "எங்ககிட்ட ஏதுங்க? நாங்க அதெல்லாம் தொடறதே இல்லியே!"

நாங்களாம்!