திரும்பி வருமா என்று பூ கேட்டோம்

என் கண்ணான பாவாயிக்கு,

இதை எழுதுவது நானேதான். யாரையும் உட்கார வைத்து எழுதச் சொல்லவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள். போன வருசம் சேர்ந்தேன். ‘ழ’ போடும்போது மட்டும் இன்னும் நாக்கு வெளியே வந்துவிடுகிறது. எட்டாவது படித்தவள் நீ, பார்த்தால் எப்படிச் சிரிப்பாய்!

நம் மகள் சுமதிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்தது. பதறாதே, முழுவதும் படி. மாதவிலக்கு நின்று வருசங்கள் ஆன பிறகு மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. உனக்கும் அப்படித்தானே தொடங்கியது? நீ வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. அவள் அன்றைக்கே வெற்றிலைக் கொடிக்காலுக்கு என்னைத் தேடி வந்துவிட்டாள்.

“அப்பா, அம்மாளுக்கு வந்த மாதிரியே இருக்குதுங்க. எனக்குக் கூச்சமெல்லாம் இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க.”

சேலத்தில் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் சுமதி தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். “அம்மாளுக்குத் திரும்பி வந்துச்சு. எனக்கும் வரும்.” இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் தங்கை ராசாத்தியை உனக்குத் தெரியாதா? நோய் திரும்பி வருமா என்று அம்மனிடம் பூ கேட்டே தீர வேண்டும் என்று நின்றாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூசாரி அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை வந்தால் நல்லது. செவப்பு வந்தது.

“நல்லாக் குலுக்கலீங்க பூசாரி! இன்னொருக்கா எடுங்க!” என்றாள் ராசாத்தி.

“அம்மன் என்ன லாட்டரிக் கடையா வெச்சிருக்குது, அம்மிணி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சுமதிக்கு வரவில்லை. அதிலிருந்து தட்டில் சோற்றைப் பிசைவாள், சாப்பிடமாட்டாள்.

முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன். டாக்டரம்மா திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். “வெள்ளையா, செவப்பா, ஒன்னைச் சொல்லிப்போடுங்க டாக்டரம்மா” என்றேன். அந்தப் பெண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது.

“பூவைக் கேட்டு வந்துட்டீங்களாப்பா? சாமிகிட்டத் தைரியத்தைக் கேளுங்க. திரும்பி வருமான்னு, எடுத்த கர்ப்பப்பையைத்தான் நாங்க கேக்கணும்.”

கட்டி சுவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, ரத்தக் குழாயில் நுழைந்திருக்கிறதா, அதன் செல்கள் சாதுவா முரடா என்றெல்லாம் பார்ப்பார்களாம். சுமதிக்கு ஆழம் கொஞ்சம்தான். குழாயில் நுழையவில்லை. செல்லும் சாதுதான்.

“திரும்பறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மிங்க. இல்லவே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். கதிர்வீச்சுக் கரண்டு வெக்க வேண்டியதில்லை, மருந்து ஏத்த வேண்டியதில்லை. செக்கப்புக்கு மட்டும் தவறாம வரோணும். நடுவுல மறுபடி ரத்தம் பட்டா அன்னைக்கே வரோணும்.”

சுமதி விடவில்லை. “எங்கம்மாளுக்குத் திரும்பி வந்துச்சுங்களே?”

“அவங்க நோய் முத்தின பின்னாடி வந்தாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க தொடக்கத்துலயே வந்துட்டீங்க. தாய்வழியா வர்ற வகையான்னும் கட்டியில பார்த்தாச்சு. அதுக்கான அடையாளம் எதுவும் இல்லீங்க.”

வாசலுக்கு வந்ததும் சுமதி என் கையைப் பிடித்தாள். “அப்பா, பசிக்குதுங்க.” பாவாயி, அந்தச் சொல்லைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும். புரோட்டாவை அவள் பிய்த்துப் பிய்த்துத் தின்றதைப் பார்த்துக்கொண்டே என் காப்பியை ஆறவிட்டேன். விஷயம் கேட்ட ராசாத்தி என்ன சொன்னாள் தெரியுமா? “செவப்புதானே அம்மனுக்குப் புடிச்ச நெறம்! நான் அன்னைக்கே நெனச்சேன்!”

உன் கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் என்னைக் கேட்டாய்: “என்ர நோவு புள்ளைக்கும் போயிருமா மாமா?” எனக்குப் பதில் தெரியவில்லை. உன் நெற்றியைத் துடைத்துவிட்டேன். இப்போது தெரியும், பாவாயி. உன் நோவு அவளுக்குப் போகவில்லை. அவளுக்கு வந்தது தனியாக வந்தது. அதையும் நேரத்தோடு பிடித்துவிட்டாள்.

செக்கப்புக்கு ஒரு தடவைகூடத் தவறவிடமாட்டேன். “நல்லாத்தானே இருக்கறேன், எதுக்குங்கப்பா?” என்று அவள் சலித்துக்கொண்டாலும், பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்து உட்கார வைத்துக் கூட்டிப் போவேன். என் காலில் வலு இருக்கிறவரை இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் மாமன்,
சுமதியின் அப்பா,
செங்கோடன்