மயில் தலையணை உறையும் என் வேட்டியும்

அன்புள்ள அக்கா,

உன் டிரங்குப் பெட்டியைத் திறக்கிற அன்றைக்குப் பிள்ளைகள் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நான் அப்போதே சொன்னேன். அப்படியே நடந்தது. பாச்சா உருண்டை மணக்க மணக்க அந்த மயில் போட்ட தலையணை உறையை என் கையில் தந்து, உன் நினைவு மலரில் போட இதைப் பற்றி எழுதித் தரச் சொன்னாள் உன் மூத்தவள். நாலாங் கிளாஸை மூன்று வருஷம் ஊன்றிப் படித்தவன் நான். வேறு யாரிடம் கேட்பாள்?

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான மறுவருஷம் அது. நான் இரணியலில் தையல்கடையில் இருந்தேன். நான் துணியில் ரோஜாப்பூ போட்டால் வண்டு வந்து உட்காரும். குழித்துறைச் சந்தையில் இதைப் பேசாத ஆள் கிடையாது. நீயோ ஒரு கோட்டை நெல்லை அசராமல் குத்துவாய், ஊசியைக் கண்டால் மட்டும் உனக்குக் கை நடுங்கும்.

அப்போதுதான் கொட்டாரம் ஊரிலிருந்து அத்தான் வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அத்தானின் அம்மா, பெண்ணின் கைவேலையைப் பார்க்காமல் சம்மதிக்க மாட்டாராம். உனக்கு ஏற்கெனவே இரண்டு இடம் அதனாலேயே தட்டிப்போயிருந்தது. நீ அத்தானைக் கோயில் கொடைத் திருவிழாவில் பார்த்து மனதில் வைத்திருந்தாய். அடுக்களையில் என்னை மறித்து நின்று, "ஏலே, இந்த எடம் தவறிச்சுன்னா, இனி எவன் வந்தாலும் நான் முன்ன வந்து நிக்கமாட்டேன்" என்றாய்.

போதாதா? உன் கைவேலை என்று காட்ட, ஒரு தலையணை உறையில் கார்பன் தாள் வைத்து மயிலை வரைந்தேன். ஆறு இழை நூலைப் பிரித்து இரண்டிரண்டாகக் கோத்தேன். கழுத்துக்குக் காம்புத் தையல், தோகைக்குச் சங்கிலித் தையல். தோகை நான் நினைத்ததைவிடப் பெரிதாகி, துணியை இழுத்துப் பிடிக்கிற வளையத்துக்குள் அடங்கவில்லை. வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வெளிச்சத்துக்காக முன்னறை ஜன்னலோரம் சம்மணமிட்டு, மடியில் போட்டே தைத்தேன். மத்தியானம் வருவதாகச் சொன்னவர்கள் காலைப் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள்.

பெரியவர்கள் உள்ளே நுழைந்தால் எழுந்து கும்பிடுவதுதானே முறை. என்னால் எழ முடியவில்லை, ஏனென்றால் தோகை முழுவதையும் வேட்டியோடு சேர்த்துத் தைத்திருந்தேன். பயலுக்குக் கால் சுகமில்லையா என்று அத்தானின் அம்மா விசாரித்தார். அப்பா என்னை முறைத்தார். வேறு வழியில்லாமல் எழுந்தேன். மயிலும் எழுந்தது. முன்னால் தலைகீழாகத் தொங்கி ஆடியது, ஊசி வேறு கூடவே ஆடியது.

அத்தானின் அம்மா கிட்டே வந்து, குனிந்து, தோகையைத் தடவிப் பார்த்தார். "இது ஆரு தச்சது மக்கா?"

நான் நெஞ்சை நிமிர்த்தி, "நாந்தான் தச்சேன். எங்க அக்காவுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது" என்றேன்.

அத்தான்தான் முதலில் சிரித்தார். "பொண்ணுக்குத் தெரியாட்டா என்னம்மா, மச்சினனுக்குத் தெரியும்லா" என்றார். அவர் அம்மா சிரிக்கவில்லை. பிளேடு கேட்டு வாங்கி, என் வேட்டியிலிருந்து மயிலை ஒவ்வொரு கண்ணியாக அறுத்து விடுவித்த பிறகுதான் வாய் திறந்தார்: "உள்ளதச் சொல்லுத வீடு. எனக்கு அது போதும்."

இந்தக் கதையை உன் பிள்ளைகளின் கல்யாணப் பந்தி ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மயில் கொஞ்சம் வளர்ந்தது. நீ பக்கத்தில் நின்று ரசம் ஊற்றிக்கொண்டே, "ஆமா, எந்தம்பி அன்னிக்குச் சொல்லலன்னா எனக்குக் கல்யாணமே இல்ல" என்பாய். அந்த "ஆமா"வைத்தான் இன்றைக்கும் சுமந்துகொண்டு திரிகிறேன். அதைப் போட நீ இல்லாததால் கதை தனியாக நிற்க மாட்டேன் என்கிறது. ஆகையால், பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரேயொரு திருத்தம்.

அன்றைக்கு அந்த அம்மா கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. விரலை உன் பக்கம் நீட்டினேன். காப்பித் தட்டோடு நின்ற நீதான் சொன்னாய்: "இல்ல, அவன் தச்சது. எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாது."