கப்பல்காரனுக்கு எத்தனை பெயர்

மரக்காணம்
14-8-2005

அன்பு மகன் ஜெயப்பிரகாஷுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் தலையைக் கழுத்தோடு வெட்டி ஒரு வெள்ளைக்காரன் உடம்பில் ஒட்டிவிட்டேன். பதறாதே, போட்டோவில்தான்.

போன வெள்ளிக்கிழமை கூனிமேட்டுக் குப்பத்தில், பஞ்சாயத்தார் முன்னால், சகாதேவன் மகள் வைஜெயந்தியை உனக்கு நிச்சயம் செய்து வெற்றிலைபாக்கு மாற்றிவிட்டோம். பெண் பன்னிரண்டாவது முடித்தவள். எனக்குத் தெரியாத எழுத்தெல்லாம் அவளுக்குத் தெரியும்.

நிச்சயத்துக்கு ஒரு பேனர் வைக்கலாமென்று ஜெராக்ஸ் கடை ஜான்சியிடம் போனேன்.

"மாப்ள என்னா வேலைண்ணே? பேருக்குக் கீழ போடணும்."

"கப்பல்ல இருக்கான்."

"அப்போ சைலரா?" என்று டிக்‌ஷனரியைப் புரட்டியது அந்தப் பெண். "மாலுமி, கடலோடி, கப்பலோட்டின்னு நெறைய இருக்குதுண்ணே. எதைப் போடட்டும்?"

"இருக்கறதுலயே பெருசா பார்த்துப் போடும்மா."

"கேப்டன்னா கப்பல் தலைவன். அதான் பெருசு. ஆனா அது வேற ஆளாச்சே?"

"எல்லாரும் ஒரே கப்பல்லதானே போறாங்க? போடு."

பேனரில் உனக்கு வெள்ளைத் தொப்பி, தோளில் நாலு தங்கப் பட்டை. கை மட்டும் வெள்ளைக்காரனுடையது. உன் அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாத்திரம் தேச்சுத் தேச்சு புள்ள கை இப்படியா வெந்து போச்சு?" என்று அழுதாள்.

பேனரோடு விட்டிருக்கலாம்தான். சபையில் கேட்டபோது வாயாலும் கேப்டன் என்றே சொல்லிவிட்டேன். கல்யாணம் தையில். அதற்குள் நீ எப்படியாவது கேப்டன் ஆகிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும்.

கேப்டனைப் பெற்ற
அப்பாவு


சிங்கப்பூர்
20-9-2005

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். மறுநாள் வைஜெயந்தியின் கடிதம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"புயல் வந்தால் எல்லாரும் உங்கள் சொல்லைக் கேட்டுத்தான் நடப்பார்களாமே, உங்களுக்குப் பயமாக இருக்காதா?" என்று கேட்டிருக்கிறாள். புயல் வந்தால் நான் தட்டு உடையாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இருபத்திரண்டு பேருக்குப் பரிமாறுகிறேன். பாத்திரம் கழுவுகிறேன். இரண்டு கழிப்பறை துடைக்கிறேன். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன்.

இந்த வேலை இதுவரை எனக்குக் கேவலமாகத் தெரிந்ததில்லை அப்பா. இப்போது எச்சில் தட்டை எடுக்கும்போது கை கூசுகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் வேலையை வெளியே சொல்ல உங்களுக்கு வெட்கமா?

சபையில் சொன்னதைச் சபையிலேயே போய் மாற்றிச் சொல்லுங்கள். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும். அவளுக்கு நான் பொய் எழுத மாட்டேன். உங்களைக் காட்டிக்கொடுத்தும் எழுத மாட்டேன். நீங்கள் சொல்கிறவரை அவளுக்கு என்னிடமிருந்து கடிதம் போகாது.

அம்மாவிடம் கை நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்
ஜெயப்பிரகாஷ்


மரக்காணம்
30-10-2005

அன்பு மகனுக்கு,

சொல்லத்தான் போனேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.

சகாதேவன் எனக்கென்று பிளாஸ்டிக் சேர் வாங்கி வைத்திருக்கிறார். "கேப்டனோட அப்பா வந்திருக்காரு, கலர் வாங்கியாங்கடா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். கலரைக் குடித்தேன். இன்னொன்று வந்தது. அதையும் குடித்தேன். வைஜெயந்தி வந்து, "அவுரு ஏன் லெட்டர் போடல?" என்றாள். "கப்பல் திருப்பத்துல இருக்குதும்மா" என்றேன். இந்த வாயை வலை ஊசியால் தைத்தால்தான் சரிப்படும்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. சுனாமி அலை படகைக் கொண்டுபோன பிறகு, வலை பின்னிக்கொண்டிருக்கிறேன் என்றுதானே உனக்கு எழுதினேன்? இல்லை. உப்பளத்துக்குப் போகிறேன். பாத்தியிலிருந்து உப்பைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டுகிற வேலை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போவேன். கேட்டால், "உப்பு வெள்ளை கண்ணைக் கூசுதுப்பா" என்பேன். மேகம் போட்ட நாளிலும் மூடிக்கொண்டுதான் போனேன்.

நிச்சயத்தன்று சபையில் முதலில் என்னைத்தான் கேட்டார்கள். "படகு போயிடுச்சே, இப்போ உங்களுக்கு என்னா தொழிலு?" என்று. "பையன் கப்பல்ல கேப்டன்" என்றேன். அதோடு என்னைக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ஆகவே, உன் வேலைக்கு நான் வெட்கப்படவில்லையடா. என்னுடையதை மூடத் துண்டு போதவில்லை. உன்னை எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இந்த மாதம் மழை, உப்பளத்தில் வேலை இல்லை. சாக்குச் சொல்ல வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. போய்ச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா


மரக்காணம்
28-11-2005

அன்பு மகன் ஜெயப்பிரகாஷுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை கூனிமேட்டுக் குப்பத்தில் கோயில் வாசலில் சபை கூட்டச் சொல்லி, போய் நின்றேன். பெரியவர் என்று உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"எம் பையன் கேப்டன் இல்லீங்க. கப்பல்ல சோறு போட்டுப் பாத்திரம் கழுவுறான். நான் உப்பளத்துல கூடை தூக்குறேன். ரெண்டையும் மறைச்சது நான்தான். அவன் மேல தப்பு இல்ல."

யாரோ ஒருத்தர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சகாதேவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பாத்திரம் கழுவுறது ஒரு குத்தமா? எங்க அண்ணன் மவன் துபாய்ல அதைத்தான் செய்யறான். எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல? கேப்டன் கேப்டன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டேனே. இப்போ எம் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

என் வெட்கத்தை இன்னொருத்தர் முகத்தில் பார்த்தேன். அதற்கு என்னிடம் ஒரு கிண்டலும் வரவில்லை.

முடிவைப் பெண்தான் சொல்ல வேண்டும் என்று வைஜெயந்தியைக் கூப்பிட்டார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவுரு எனக்குப் பொய்யா ஏதாவது எழுதினாரா?"

"எழுத மாட்டேன்னு சொல்லிட்டாம்மா. அதான் உனக்கு லெட்டரே வரல" என்றேன்.

வேறு எதுவும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சபை கலைந்தது. இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ பதில் எழுது, எனக்கு இல்லை, அவளுக்கு. புயலில் தட்டு பிடிப்பதையும் எழுது.

பிறகு நான் புறப்படலாமென்று எழப் பார்த்தேன். எழ முடியவில்லை. பெஞ்சுக்கு அன்று காலையில்தான் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மறுபடி உட்கார்ந்துகொண்டேன். மண்ணெண்ணெய்க்கு ஆள் அனுப்பினார்கள். பாட்டிலும் பழந்துணியுமாக வந்தது வைஜெயந்தி. பெஞ்சு ஓரமாக ஊற்றினாள். "ஆடாதீங்க மாமா" என்றாள். நான் ஆடவில்லை.

வேட்டியில் பாதி வந்தது. மீதி பெஞ்சில் இருக்கிறது.

அப்பா
அப்பாவு